முகப்புப் படத்தை நீங்களே எடுப்பதானால்: வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர் போன்றோருக்கான செல்ஃபி வழிகாட்டி

ஒரு வழக்கறிஞரையோ மருத்துவரையோ கட்டடப் பொறியாளரையோ நண்பர் ஒருவர் பரிந்துரைத்தால், எண்ணை வாங்கிக்கொண்டவர் உடனே அழைத்துவிடுவதில்லை. எண்ணைப் பதிந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் அந்தப் பெயரைத் திறந்து, டி.பி.யைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கொஞ்சம் விவரமானவர் என்றால் கூகுளிலும் லிங்க்ட்இன்னிலும் ஒரு நடை போய்விட்டு வருகிறார். அவர் உங்களை அழைத்து "வணக்கம் சார், நம்ம சார்தான் உங்க நம்பர் கொடுத்தார்" என்று தொடங்கும்போது உங்களைப் பற்றிய ஓர் அபிப்பிராயம் அவர் மனத்தில் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. அதற்கு அடிப்படையாக இருந்த படம், பெரும்பாலும், என்றோ ஒரு நாள் நீங்களே கையை நீட்டி எடுத்துக்கொண்ட செல்ஃபியாக இருக்கும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடொரோவ் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பின் தெரியாத ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் முடிவு பெரிதாக மாறுவதில்லை, முடிவின் மீதுள்ள உறுதிதான் கூடுகிறது. இப்படிக் கட்டப்படும் முடிவு சரியானதா என்பது வேறு விஷயம். டோடொரோவும் போர்ட்டரும் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒரே ஆளின் வெவ்வேறு படங்களைக் காட்டியபோது மதிப்பீடுகள் படத்துக்குப் படம் மாறின. ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டுக்குச் சற்றும் குறையாத வேறுபாடு ஒரே ஆளின் இரண்டு படங்களுக்கிடையே இருந்தது. ஆகவே, நம்பிக்கை தரும் முகம் தமக்கு வாய்க்கவில்லை என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது படத்தைத்தான், அது உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஸ்டுடியோவுக்குப் போய் நல்ல ஒளிப்படக்காரரிடம் எடுத்துக்கொள்ள முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். பணமோ நேரமோ கூச்சமோ தடுப்பதால் தாமே எடுத்துக்கொள்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. படத்தைப் பார்க்கப் போகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவரிடம் என் வேலையை ஒப்படைக்கலாமா?" எடுப்பது, தேர்ந்தெடுப்பது, பதிவிடுவது ஆகிய எல்லாவற்றையும் அந்தக் கேள்விக்கு ஏற்ப முடிவுசெய்தால் போதும். அழகாக இருக்கிறோமா என்ற கேள்வியைக் குடும்பப் படங்களுக்கு விட்டுவிடலாம்.

கையின் நீளம்தான் முதல் சிக்கல்

ஒரு படம் செல்ஃபி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுவதற்கு முகபாவத்தைவிடத் தூரமே பெரிய காரணம். கையை எவ்வளவு நீட்டினாலும் கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடிதான் கிடைக்கும். அவ்வளவு அருகில், முன்னே நிற்கும் மூக்கு பெரிதாகவும், பின்னால் இருக்கும் காதும் தாடையோரமும் சுருங்கியும் படத்தில் விழுகின்றன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவர் உள்ளிட்டோர் இதைக் கணக்கிட்டு 2018இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுத்த படத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. மூக்கைச் சிறிதாக்க வேண்டும் என்று வருபவர்கள் தம் செல்ஃபியைச் சான்றாகக் காட்டுவதைக் கண்டே அவர்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்கள்.

எனவே போனைக் கையிலிருந்து இறக்கி ஐந்தடி தள்ளி வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் முதல் வேலை. ட்ரைபாட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. வழக்கறிஞர் அலுவலகம் என்றால் மேசைமேல் நான்கைந்து கேஸ் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, போனை நிமிர்த்திச் சாய்த்து, சறுக்காமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டால் பாட்டிலோடு சேர்த்துப் பிணைத்துவிடலாம். லென்ஸ் உங்கள் கண்மட்டத்துக்கு வர வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் தாடைக்குக் கீழுள்ள சதையும் மூக்குத் துவாரமும் படத்தை ஆக்கிரமித்துக்கொள்ளும். உயர்ந்தால் கல்லூரி மாணவர் எடுத்த படம்போல் கண்கள் மேல்நோக்கி விரியும். போனைப் பொருத்துவதற்கு முன் லென்ஸை ஒரு சுத்தமான கைக்குட்டையால் துடைத்துவிட வேண்டும். நாள் முழுதும் சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடந்த லென்ஸில் படிந்த விரல்ரேகை, படம் முழுவதற்கும் ஒரு பனிமூட்டத்தை ஏற்றிவிடும். நல்ல போன் வைத்திருந்தும் படம் மங்கலாக வருகிறது என்று குறைப்படுபவர்களில் பலருக்கு இந்த ஒரு துடைப்பே போதும்.

பெரும்பாலான போன்களில் பின்பக்க கேமராதான் தரம் கூடியது, ஆகவே போனைத் திருப்பி வைத்து அதையே பயன்படுத்த வேண்டும். திரையில் முகம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தெரியாமல் இருப்பதே நல்லது. முன்பக்க கேமராவில் எடுக்கும்போது நம் கண் லென்ஸைப் பார்க்காமல் திரையிலுள்ள நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். படத்தைப் பார்ப்பவருக்கோ நீங்கள் அவருடைய தோளைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். இரண்டு மடங்கு ஜூம் லென்ஸ் தனியாக உள்ள போன் என்றால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் சாதாரண நிலையிலேயே எடுத்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் முகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது தூரமே தவிர லென்ஸ் அல்ல. டைமரைப் பத்து நொடிக்கு வைத்து, மூன்று அல்லது ஐந்து படங்களைத் தொடர்ந்து எடுக்கும்படி அமைத்துவிட்டு, நாற்காலியின் முதுகில் சாயாமல் சற்று முன்னே வந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு லென்ஸைப் பார்க்கவும். வயர் உள்ள இயர்போன் இருந்தால், அதன் ஒலி பொத்தான் பல போன்களில் படமெடுக்கும் பொத்தானாகவும் வேலை செய்யும்.

முகமும் தோளும் சேர்ந்து படச்சட்டத்தில் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப்பிலும் லிங்க்ட்இன்னிலும் படம் வட்டமாக வெட்டப்படும் என்பதால், எடுக்கும்போது தலைக்கு மேலும் இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டுவைப்பது பின்னால் கைகொடுக்கும்.

வெளிச்சம், வெள்ளைச் சட்டை, நிறம்

நம் அலுவலகங்களில் வெளிச்சம் என்றால் சுவரின் உச்சியில் மாட்டிய டியூப்லைட்தான். அது மேலிருந்து விழுவதால் கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் தேங்கி, நன்றாகத் தூங்கி எழுந்தவரையும் இரவெல்லாம் விழித்தவராகக் காட்டிவிடும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில், ஜன்னல் உங்களுக்கு முன்னால் சற்றே ஒருபுறமாக இருக்கும்படி உட்கார்ந்தால் போதும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் முகம் கருநிழலாகிவிடும். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகத்தின் இரண்டு பாதிகளும் வெவ்வேறு நிறச் சாயலில் விழக்கூடும். வீட்டில் நல்ல ஜன்னல் இல்லாதவர்கள் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்து மணியை ஒட்டியோ திண்ணையிலோ மாடிப்படி நிழலிலோ எடுக்கலாம்.

வெள்ளைச் சட்டை அணிந்து வெள்ளைச் சுவரின் முன் நிற்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கேமரா தன் எதிரில் இருக்கும் காட்சியின் மொத்த வெளிச்சத்தைச் சராசரியாக எடுத்துக்கொண்டு அளவைத் தானே அமைத்துக்கொள்கிறது. எங்கும் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று அது தப்புக்கணக்குப் போட்டுப் படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. சுவர் சாம்பலாகும், முகம் உண்மையைவிடக் கறுத்து விவரமற்றுப்போகும். கறுப்பு கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையோடு இருக்கும் வழக்கறிஞர்கள், வெள்ளை கோட்டு அணியும் மருத்துவர்கள், வெள்ளை வேட்டி சட்டைக்காரர்கள் ஆகிய அனைவருக்கும் இது நேரும். இதற்குத் தீர்வு எளிது. எடுப்பதற்கு முன் நீங்கள் உட்காரப்போகும் இடத்தில் யாரையாவது உட்காரவைத்து, திரையில் அவர் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அருகில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுத்தால் முகம் தெளியும். அதோடு, வெள்ளைச் சுவரைவிட மங்கிய நீலமோ சாம்பலோ புத்தக அலமாரியோ பின்னணியாக இருந்தால் பாதிச் சிக்கல் தானே தீர்ந்துவிடும்.

முகத்தைத் தெளிவாகக் காட்டுவது வேறு, வெளுப்பாகக் காட்டுவது வேறு. பல போன்களில் தோலை மழமழப்பாக்கி, நிறத்தைக் கூட்டி, கண்ணை விரிக்கும் அமைப்பு, நாம் கேட்காமலேயே முன்பக்க கேமராவில் இயங்கிக்கொண்டிருக்கும். கூகுள் நிறுவனம் 2020இல், தன் பிக்ஸல் போன்களில் முகத்தைத் திருத்தும் இந்த அமைப்பு தொடக்கத்திலேயே அணைந்திருக்கும் என்று அறிவித்தது. மற்றப் போன்களில் கேமராவின் அமைப்புகளுக்குள் சென்று 'பியூட்டி' என்றோ 'ரீடச்' என்றோ இருப்பதைத் தேடி நாமேதான் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு நெற்றிக் கோடு இருப்பதில் என்ன குறை? அனுபவத்தைத் தேடி வரும் கட்சிக்காரருக்கு அந்தக் கோடு ஒரு சாதகமே. நிறம் மாறிய படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருபவர், வரவேற்பறையில் உங்களை அடையாளம் காணாமல் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கம் உங்கள் நிறத்தைப் பற்றியது அன்று, நீங்கள் எதையோ மறைத்திருக்கிறீர்கள் என்பதைப் பற்றியது. திருநீறோ குங்குமமோ நாமமோ தொப்பியோ ஹிஜாபோ அன்றாடம் அணிபவர் படத்திலும் அப்படியே இருக்கலாம். அன்றாடம் அணியாத கோட்டையும் டையையும் படத்துக்காக மட்டும் கடன் வாங்க வேண்டியதில்லை.

மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்தால் கண்ணாடியைக் கழற்றாமல், அதன் காம்பைக் காதின்மேல் கொஞ்சம் தூக்கிவிட்டால் கண்ணாடி லேசாகக் கீழ்நோக்கிச் சாயும், ஒளி மறைந்துவிடும்.

எந்தப் படம் என்பதை நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம்

எடுத்த படங்களில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். நம் முகத்தை நாம் பெரும்பாலும் கண்ணாடியில்தான், அதாவது இடவலம் மாறிய நிலையில்தான், பார்த்துப் பழகியிருக்கிறோம். 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஒருவரின் இயல்பான படத்தையும் இடவலம் மாற்றிய படத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டபோது, படத்துக்கு உரியவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் படத்தையும் அவர்களுடைய நெருங்கியவர்கள் இயல்பான படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். சில போன்கள் முன்பக்க கேமராவில் எடுக்கும் படத்தைக் கண்ணாடிப் படமாகவே சேமிக்கின்றன. சட்டைப் பை உங்கள் வலமார்புக்குப் போயிருந்தாலோ, முந்தானை வலத்தோளில் விழுந்திருந்தாலோ, பின்னாலுள்ள பெயர்ப்பலகையின் எழுத்துகள் இடவலம் மாறித் திரும்பியிருந்தாலோ அது கண்ணாடிப் படம். கேமரா அமைப்பில் 'மிரர்' என்றிருப்பதை அணைத்துவிட்டால் தீர்ந்தது. அணைத்த பிறகு உங்கள் முகம் உங்களுக்கே கோணலாகத் தெரியும். மற்றவர்கள் இத்தனை காலமும் பார்த்துவருவது அந்த முகத்தைத்தான்.

ஆஸ்திரேலியாவில் டேவிட் ஒயிட் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. தம் படங்களில் எதை முகப்புப் படமாக வைக்கலாம் என்று அவரவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு அந்த நபரை அறியாதவர்களிடம் அதே படங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அறியாதவர்கள் தேர்ந்தெடுத்த படங்களே பார்ப்பவர்களிடம் மேலான அபிப்பிராயத்தை உண்டாக்கின. 2016இல் டொராண்டோவில் நடந்த ஓர் ஆய்விலோ, அடிக்கடி செல்ஃபி எடுப்பவர்கள் பிறர் எடுத்த படத்தில் இருப்பதைவிடத் தம் செல்ஃபியில் தாம் ஈர்ப்பாக இருப்பதாக எண்ணிக்கொண்டது தெரியவந்தது. பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆகவே ஏழெட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு, உங்களை நெருக்கமாக அறியாத, ஆனால் உங்கள் தொழிலுக்கு வாடிக்கையாளராக வரக்கூடிய இரண்டு மூன்று பேரிடம் அனுப்பிக் கேளுங்கள். மாடிவீட்டுக்காரரின் மைத்துனர், நண்பரின் அலுவலகத் தோழி போன்றவர்கள் சரியான நடுவர்கள். அம்மாவிடம் கேட்பதில் பயனில்லை. அவருக்கு எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும், கொஞ்சம் இளைத்திருப்பதுதான் குறை. "எது நல்லா இருக்கு?" என்று கேட்டால் அழகைப் பார்த்துத்தான் விடை வரும். "இதில் யாரிடம் உங்கள் நிலப் பத்திரத்தைக் கொடுப்பீர்கள்?" என்றோ "யாரிடம் உங்கள் குழந்தையைக் காட்டுவீர்கள்?" என்றோ உங்கள் தொழிலை ஒட்டிக் கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே படத்தைச் சொன்னால், உங்களுக்கு அது பிடிக்காவிட்டாலும் அதையே வைத்துவிடுங்கள். வைப்பதற்கு முன் அந்தப் படத்தைச் சுண்டுவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார்க்கவும், ஏனென்றால் உரையாடல் பட்டியலில் அது அந்த அளவில்தான் தெரியப்போகிறது.

காரின் ஓட்டுநர் இருக்கையில் சீட் பெல்ட்டுடன் எடுத்த படம், லிஃப்ட் கண்ணாடியில் போனோடு சேர்த்து எடுத்த படம், கல்யாண வீட்டுக் குழுப் படத்திலிருந்து வெட்டியதால் பக்கத்து ஆளின் தோள் மட்டும் மிஞ்சிய படம், கறுப்புக்கண்ணாடி அணிந்த படம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடுத்துவிடவும்.

தொழிலின் விதிகள்

சில தொழில்களில் படம் என்பது ரசனையோடு முடிவதில்லை, ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும். இந்திய பார் கவுன்சிலின் விதி 36, வழக்கறிஞர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. தாம் நடத்தும் வழக்குகளின் தொடர்பில் தம் படம் வெளியாகும்படி செய்வதையும் அந்த விதி வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 2008இல் செய்த திருத்தம், இணையதளத்தில் பெயர், முகவரி, கல்வி, பதிவு விவரம் போன்ற சிலவற்றை மட்டும் வெளியிட அனுமதித்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையச் சேவைகள் வழியாக விளம்பரம் செய்து வழக்குத் தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஜாமீன் கிடைத்த மகிழ்ச்சியில் நீதிமன்ற வாசலில் கட்சிக்காரரின் தோளில் கைபோட்டு எடுத்த செல்ஃபியை "வெற்றி" என்று பதிவிடும் இளம் வழக்கறிஞர், இந்த விதியை ஒருமுறை வாசித்துவிட்டுப் பதிவிடலாமா என்று யோசிக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் கவுனும் கழுத்துப்பட்டையும் அணியக் கூடாது என்றும் விதி இருக்கிறது. டீக்கடையில் கவுனுடன் எடுத்த படத்தை உங்கள் மூத்தவர் பார்த்தால் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் ஒழுக்க விதிகள் உள்ளன. தம் கடிதத்தாளிலும் மருத்துவமனைப் பெயர்ப்பலகையிலும் சொந்தப் படத்தைப் போடுவதையே அவை சுயவிளம்பரம் என்று கருதுகின்றன. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அவருடைய அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்றும் சொல்கின்றன. பெயர்ப்பலகைக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, அறுவை அரங்கில் மயக்கத்தில் கிடக்கும் ஒருவரைப் பின்னணியாக வைத்து எடுக்கும் செல்ஃபிக்கு எந்த நியாயமும் கிடையாது. முகம் தெரியாவிட்டாலும் கையிலுள்ள பச்சை, படுக்கை எண், சுவரில் மாட்டிய எக்ஸ்ரே ஆகியவை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டயக் கணக்காளர்களும் தத்தம் கழகத்தின் விதியைப் பார்த்துவிட்டே இணையதளத்தில் படமிட வேண்டும்.

விதியின் பெயரால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவின் ரத்தநாள அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் 2019 இறுதியில் இணையத்தில் வெளியான கட்டுரை, இளம் மருத்துவர்களின் சமூக ஊடகப் பக்கங்களை வேவுபார்த்து, நீச்சலுடையில் இருக்கும் படங்களையும் தொழிலுக்கு ஒவ்வாத உள்ளடக்கமாகக் கருதத்தக்கவை என்று பட்டியலிட்டது. 2020 ஜூலையில் அது பரவலாகத் தெரியவந்தபோது, பெண் மருத்துவர்கள் தாங்கள் நீச்சலுடையில் இருக்கும் படங்களைத் தாங்களே வெளியிட்டு எதிர்த்தார்கள், இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கண்ணியம் என்று நாம் சொல்லும் அளவுகோல் பெண்கள் மீது மட்டும் நீளமாக விழுகிறது என்பது நம் ஊருக்குப் புதிதன்று. ஆண் பொறியாளர் மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த படத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே, சொந்த வாழ்க்கைக்கு ஒரு கணக்கு, தொழிலுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்துக்கொள்வது வசதிக்கான ஏற்பாடே தவிர, சொந்தப் படங்களுக்காக யாரும் வெட்கப்பட வேண்டும் என்பதற்காக அன்று.

வேலையோடு எடுக்கும் செல்ஃபி

முகப்புப் படம் வேறு, அவ்வப்போது பதிவிடும் செல்ஃபி வேறு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பேரியும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இன்ஸ்டாகிராமில் செல்ஃபிகளை அதிகம் வைத்திருந்தவர்களைவிட, வேறொருவர் எடுத்ததுபோல் அமைந்த படங்களை வைத்திருந்தவர்களைப் பார்த்தவர்கள் விரும்பத்தக்கவர்களாகவும் தன்மதிப்பு உள்ளவர்களாகவும் மதிப்பிட்டார்கள். போனை ஐந்தடி தள்ளி வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையை நீட்டி எடுத்த படத்துக்கு நியாயம் உண்டாவது, எடுப்பவரைத் தவிர வேறு யாரும் அங்கே இருக்க முடியாதபோது, அல்லது முகத்தைவிட இடம் முக்கியமாகும்போது. 1966 நவம்பரில் ஜெமினி 12 பயணத்தின்போது பஸ் ஆல்ட்ரின் விண்வெளியில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தை யாரும் தற்பெருமை என்று சொல்வதில்லை. கட்டடப் பொறியாளர் பதினோராவது மாடியில் கம்பி கட்டி முடித்த தளத்தின் நடுவில் தலைக்கவசத்தோடு எடுக்கும் செல்ஃபியும் அவ்வகையே. முகம் ஓரத்தில் இருக்கட்டும், கம்பிக் கட்டும் தளமும் நடுவில் வரட்டும். படத்தின் கீழே அன்று என்ன வேலை நடந்தது, அதில் எது கடினமாக இருந்தது என்று இரண்டு வரி எழுதினால், உடன் தொழில் செய்பவர்களும் படிப்பார்கள். அந்தப் படத்தில் தலைக்கவசமோ பாதுகாப்புக் கயிறோ இல்லாவிட்டால், அதே உடன் தொழில் செய்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

துக்க வீடு, விபத்து நடந்த இடம், நினைவேந்தல் கூட்டம் ஆகிய இடங்களில் போன் பையிலேயே இருக்கட்டும். 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த நெல்சன் மண்டேலா நினைவஞ்சலிக் கூட்டத்தில், டென்மார்க் பிரதமர் ஹெல்லெ தோர்னிங் ஷ்மிட், அமெரிக்க அதிபர் ஒபாமா, பிரிட்டன் பிரதமர் கேமரூன் மூவரும் சேர்ந்து செல்ஃபி எடுத்ததை ஓர் ஒளிப்படக்காரர் படம்பிடித்தார். அவர்கள் எடுத்த செல்ஃபியைவிட, எடுத்துக்கொண்டிருந்ததைக் காட்டும் அந்தப் படம்தான் உலகம் சுற்றியது.

பின்னணியில் கசிபவை

பதிவிடுவதற்கு முன் உங்கள் முகத்தை விரலால் மறைத்துக்கொண்டு மற்ற இடங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் நல்லது. 2012 நவம்பரில் பிரிட்டன் இளவரசர் வில்லியம் விமானப்படையில் பணியாற்றும் படங்கள் வெளியிடப்பட்டபோது, அவற்றின் பின்னணியில் பயனர் பெயர், கடவுச்சொல் போன்ற விவரங்கள் தெரிந்துவிட்டதால் படங்களை மாற்றி, கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட், 2020இல் தம் விமானப் பயண அட்டையின் படத்தை இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணைக் கொண்டே ஒருவர் அவருடைய கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். நம் மேசைகளில் கசிவதற்கு இவ்வளவு பெரிய ரகசியம் தேவையில்லை. கட்சிக்காரரின் பெயர் எழுதிய கேஸ் கட்டு, திரையில் திறந்து கிடக்கும் மின்னஞ்சல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பட்டைக்குறி, வெள்ளைப் பலகையில் எழுதிய வைஃபை கடவுச்சொல், ஏன், மூக்குக்கண்ணாடியில் பிரதிபலிக்கும் திரைகூடப் போதும்.

படக் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். அதையே டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினாலோ மின்னஞ்சலில் இணைத்தாலோ கூடவே போகும். கேமரா அமைப்பில் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நான்கு செல்ஃபிகளைக் கொடுத்தால் கோட்டு சூட்டுடன் முகப்புப் படம் செய்து தருகின்றன. பின்னணியை மங்கலாக்குவது, ஓரத்தை வெட்டுவது ஆகிய அளவில் கருவியின் உதவியை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. உங்களுக்கு இல்லாத தாடையையும் நீங்கள் வாங்காத கோட்டையும் அது சேர்த்தால், முதல் வீடியோ அழைப்பிலேயே வேறொரு ஆள் திரையில் வருவார்.

வைத்த பிறகு

ஒரே படத்தை வாட்ஸ்அப், லிங்க்ட்இன், மின்னஞ்சல், அலுவலக இணையதளம் எல்லாவற்றிலும் வைப்பது, உங்களைத் தேடி வருபவர் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று உறுதிசெய்துகொள்ள உதவும். தாடி வைத்தாலோ எடுத்தாலோ, தலைமுடி நரைத்தாலோ, கண்ணாடி அணியத் தொடங்கினாலோ படத்தை மாற்றிவிட வேண்டும். பண்டிகை வாழ்த்து, தலைவர் பிறந்தநாள், கட்சிக் கொடி என்று தொழில் எண்ணின் டி.பி.யை நாளுக்கொன்றாக மாற்றுபவர்கள், அந்த எண்ணுக்கு முதன்முறை வருபவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர்கள், காவல் உயரதிகாரிகள் ஆகியோரின் படங்களை டி.பி.யாக வைத்துக்கொண்டு பணம் கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் தமிழ்நாட்டில் அடிக்கடி பிடிபடுகின்றன. உங்கள் படத்தையும் அப்படி யாராவது எடுத்துக்கொள்ளலாம். தொழில் எண்ணில் படம் எல்லாருக்கும் தெரிவது அவசியம் என்பதால், சொந்த எண்ணிலாவது தனியுரிமை அமைப்பில் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். போலிக் கணக்கு கண்ணில் பட்டால் அந்தச் செயலியிலேயே புகாரளிக்கவும். யாராவது பணம் இழந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கச் சொல்லவும்.

புதிய படத்தை வைத்த நாளிலேயே, கூகுளில் உங்கள் பெயரைத் தொழிலோடும் ஊரோடும் சேர்த்துத் தட்டி, படங்கள் பகுதியைப் பார்த்துவிடுவது நல்லது. பத்தாண்டுக்கு முன் வேலை தேடிப் பதிவுசெய்த தளத்திலும், மறந்துபோன முகநூல் பக்கத்திலும், என்றோ பேசிய கருத்தரங்கின் அழைப்பிதழிலும் பழைய படங்கள் இன்னும் இருக்கும். உங்கள் கணக்கில் இருப்பவற்றை நீங்களே நீக்கிவிடலாம். மற்றவற்றுக்கு அந்தந்த அமைப்பாளருக்குப் புதிய படத்தை இணைத்து, இதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பவும்.